ஐடி வேலைக்குப் படிக்கறவங்களுக்கு ஒரு பழைய லேப்டாப்: திங்க்பேட் டி480

சேலம் புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் கடையில 18,500 ரூபாய்க்கு வாங்குனது. லெனோவோ திங்க்பேட் டி480, 2018 மாடல். ஐ5, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. கேமிங், வீடியோ எடிட்டிங்னு தேடி வந்தவங்க இந்த இடத்துலயே கிளம்பிக்கலாம். நான் பி.எஸ்சி. மேக்ஸ் முடிச்சுட்டு டெஸ்க்டாப் சப்போர்ட் (ஆபீஸ் கம்ப்யூட்டர் கோளாறைச் சரி பண்ற) வேலைக்குப் படிச்சவ. அதுக்கு இது ஆகுமா ஆகாதான்னு மட்டும்தான் எனக்குச் சொல்லத் தெரியும்.

ஆகும். புதுசைவிட நல்லாவே ஆகும்.

இன்னும் பத்தாயிரம் போட்டா புது லேப்டாப்பே வருமேன்னு வீட்டுல சொன்னாங்க. வரும்தான். ஆனா அப்படி வர்ற புதுசு பலதுல ரேமை போர்டோடவே சால்டர் பண்ணியிருப்பாங்க. டி480-ல ரெண்டு ஸ்லாட், ரெண்டையுமே கழட்டி மாட்டலாம். (டி480எஸ்னு ஒண்ணு இருக்கு, அதுல ஒரு ரேம் போர்டுலயே ஒட்டுனது. பேரைச் சரியாப் பாருங்க.) பேட்டரியும் ரெண்டு: உள்ள ஒண்ணு, பின்னாடி கையாலயே கழட்டற மாதிரி ஒண்ணு.

டி470 எடுத்துக்க பாப்பா, ரெண்டாயிரம் குறைச்சுத் தர்றேன், எல்லாம் ஓடும்னாரு கடைக்கார அண்ணா. அதுல இருந்தது ஏழாவது ஜெனரேஷன் ப்ராசசர், என்னோட டி480-ல எட்டாவது. விண்டோஸ் 11 முறைப்படி ஏறணும்னா இன்டெல்ல எட்டாவதோ அதுக்கு மேலயோ வேணும். விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சு போச்சு. சப்போர்ட் வேலைக்குப் போறவளே சப்போர்ட் இல்லாததை வாங்குனா எப்படி?

ரேமை நானேதான் 16 ஜிபி ஆக்குனேன். அப்பாவுக்கு சிவதாபுரத்துல கொலுசுப் பட்டறை. அங்க இருக்கற வெளிச்சம் வேற எங்கயும் கிடைக்காது. முதல்ல ஆன் பண்றப்பவே எஃப்1 அழுத்தி பயாஸுக்குள்ள (லேப்டாப்போட அடிப்படை செட்டிங்ஸ்) போய் உள் பேட்டரியை டிசேபிள் பண்ணணும், அப்புறம் வெளி பேட்டரியைக் கழட்டணும். பின்மூடியோட திருகாணி மூடியிலயே நின்னுக்கும். எஸ்எஸ்டி ட்ரேயோட திருகாணி நிக்காது. உருண்டு ஃபேன் ஓரத்துல போய் உக்காந்துருச்சு. அப்பா மூச்சை அடக்கி, கொலுசு மணி வைக்கற சாமணத்தால ஒரே எடுப்புல எடுத்தாரு. எடுத்துட்டு, "இதுல வெள்ளி ஏதாச்சும் இருக்குதா?"ன்னாரு.

16 ஜிபி வந்ததுக்கு அப்புறம்தான் நிஜமான படிப்பு. ஒரு கம்ப்யூட்டருக்குள்ளயே வேற கம்ப்யூட்டரை ஓட்ட விடற விர்ச்சுவல் பாக்ஸ் இலவசம். மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் சர்வரை 180 நாள் சோதிச்சுப் பார்க்க இலவசமா தர்றாங்க. ஒரு சர்வர், அதோட சேர்ற சாதாரண கம்ப்யூட்டரா ஒரு விண்டோஸ் கிளையன்ட், ரெண்டும் இந்த ஒரே லேப்டாப்புக்குள்ள. ஆக்டிவ் டைரக்டரி (கம்பெனியோட யூசர், பாஸ்வேர்டு எல்லாத்தையும் ஒரே இடத்துல பார்த்துக்கறது) போட்டு, சித்தி, மாமா பேர்ல எல்லாம் யூசர் போட்டு, வேணும்னே லாக் பண்ணி, திரும்ப ரிலீஸ் பண்ணுவேன். கிளையன்ட் டொமைன்ல (அந்த சர்வரோட கட்டுப்பாட்டுல இருக்கற கூட்டம்) சேர மாட்டேன்னு அடம்புடிக்கும். பாதி நேரம், பேரைச் சொன்னா முகவரி தேடித் தர்ற டிஎன்எஸ்தான் காரணம்: கிளையன்ட்டோட டிஎன்எஸ் டொமைன் கன்ட்ரோலரை, அதாவது அந்த சர்வரைக் காட்டணும், ரௌட்டரை இல்ல. இன்னொரு தடவை லாகினே ஆகலை. பார்த்தா கடிகாரம் தப்பு. அஞ்சு நிமிஷத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா, லாகினைச் சரிபார்க்கற கெர்பராஸ் உள்ள விடாது.

இன்டர்வியூல கேட்டது அப்படியே இதுதான். "டொமைன் லாகின் ஆகலைன்னா முதல்ல எதைம்மா பார்ப்பே?" டிஎன்எஸ், டைம்னு சொன்னேன். எதிர்ல இருந்த சார் நிமிர்ந்து பார்த்தாரு. இப்ப அங்க ஹெல்ப் டெஸ்க்ல ட்ரெய்னி. அஞ்சு ரோடு பக்கம் ஒரு சென்டர்ல இதே பாடத்துக்கு 45,000 கேட்டாங்க, பிளேஸ்மென்ட் நூறு பர்சென்ட்டாம். லேப் பார்க்கலாமான்னு கேட்டேன், ப்ரொஜெக்டரைக் காட்டுனாங்க.

குறை இல்லாம இல்ல. சில பீஸ்ல 1366 x 768 ஸ்கிரீன்தான் வரும். ரெண்டு விண்டோவைப் பக்கத்துல வெச்சு வேலை பார்க்க முடியாது, ஃபுல் எச்டி கேட்டு வாங்குங்க. சேலத்து ஏப்ரல்ல உள்ள சர்வர், கிளையன்ட் ரெண்டும் ஓடுனா ஃபேன் சத்தம் பக்கத்து ரூம் வரைக்கும் கேக்கும். கனமும் ஜாஸ்தி. கீபோர்டு மட்டும் அருமை, அதுல பேச்சே இல்ல.

வாங்கப் போறவங்க கடையிலயே பேட்டரி ரிப்போர்ட் எடுத்து, டிசைன் கெப்பாசிட்டியும் இப்ப இருக்கற கெப்பாசிட்டியும் எவ்வளவுன்னு பாருங்க. இதெல்லாம் பெரும்பாலும் கம்பெனிகள் கழிச்சுப் போட்டது, அதனால பயாஸையும் திறந்து பாருங்க. சூப்பர்வைசர் பாஸ்வேர்டு (பயாஸுக்குப் போட்ட பூட்டு) கேட்டுச்சுன்னா, எவ்வளவு குறைச்சுக் குடுத்தாலும் அந்த பீஸ் வேண்டாம்.