இரும்புக்கு அஞ்சும் அயலவர்: ஹொலி பிளாக்கின் ‘டைத்’ நாவல்

அமெரிக்க எழுத்தாளர் ஹொலி பிளாக்கின் முதல் நாவலான ‘டைத்’ 2002ஆம் ஆண்டு வெளியானது. ஒரு கடையின் இணையத்தளத்தில் இது சிறுவர் கதைகளோடு சேர்க்கப்பட்டிருந்ததைக் கண்டு, மட்டக்களப்பில் எங்களோடு வசிக்கும் அக்காவின் பதினொரு வயது மகளுக்கென வாங்கினேன். அவளிடம் கொடுப்பதற்கு முன் நானே வாசித்துப் பார்த்தது நல்லதாயிற்று. இது சிறுவர் நூல் அன்று. ஆயினும், பதினாறு வயதைத் தாண்டி, ஆங்கிலத்தில் தடையின்றி வாசிக்கக்கூடிய ஒருவர் மனிதரல்லாத மாய இனத்தாரைப் பற்றிய கதைகளுக்குள் நுழைவதற்கு இதையே நான் முதலில் எடுத்துக் கொடுப்பேன்.

கதையின் நாயகி பதினாறு வயதுக் கேய். இசைக்குழுவொன்றில் பாடும் தாயோடு ஊர் ஊராக அலைந்த பின்னர், நியூ ஜேர்சிக் கடற்கரையோரம் உள்ள பாட்டி வீட்டுக்குத் திரும்புகிறாள். பெற்றோல் நிலையமும் ட்ரெயிலர் வீடுகளும் பாழடைந்த உல்லாசக் கட்டடங்களும் நிறைந்த அந்த ஊரின் மரங்களுக்கிடையே, மழை இரவொன்றில், அம்பு தைத்துக் கிடக்கும் ரொய்பன் என்ற வீரனைக் காப்பாற்றுகிறாள். அவன் மனிதன் அல்லன். தானும் மனிதப் பிறவி அல்ல, மனிதக் குழந்தையொன்றுக்குப் பதிலாக மாற்றி வைக்கப்பட்டவள் என்பதையும் அவள் விரைவிலேயே அறிகிறாள்.

ஆங்கிலத்தில் ‘ஃபெயரி’ எனப்படும் ரொய்பனின் இனத்தாரைத் தமிழில் ‘தேவதைகள்’ என்றால் வெள்ளை உடையும் மந்திரக்கோலுமே நினைவுக்கு வரும். அழகால் ஈர்த்து வருத்தமும் செய்யும் தெய்வத்தைச் சங்கப் புலவர்கள் ‘அணங்கு’ என்றார்கள். அந்தச் சொல்லே இங்கு பொருந்துகிறது. பொய் சொல்ல இயலாதவர்களாக இருந்தும் உண்மையையே வளைத்துப் பேசி மனிதரை அழிக்கின்ற, இரும்பு பட்டால் வெந்துபோகின்ற, உண்மைப் பெயரை அறிந்தவருக்குக் கட்டுப்படுகின்ற இவர்கள், பாட்டுக்கும் விருந்துக்கும் நடுவே ஓர் உயிரை வதைத்துச் சிரிக்கக் கூடியவர்கள். கேய், அதன் வலிமை தெரியாமலே ரொய்பனிடம் அவனது முழுப் பெயரைக் கேட்டு வாங்கிவிடுகிறாள். ஒரு பெயர் எவ்வளவு பெரிய விலங்காக முடியும் என்பதை இதற்குப் பின்வரும் பக்கங்களில் ஆசிரியர் மிகத் துல்லியமாகக் காட்டுகிறார். நூலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவே.

இந்த விதிகள் எங்கள் பக்கத்து வாசகருக்கு அந்நியமாகத் தோன்றா. பிள்ளை பெற்ற வீட்டில் பாக்குவெட்டியைத் தலையணைக்குக் கீழே வைப்பதும், பொரித்த மீனோடு இருட்டில் வழிபோகும்போது ஆணியொன்றைக் கூடவே போடுவதும் நாம் கண்டு வளர்ந்தவை. மட்டக்களப்புக்குப் போனவரை மந்திரத்தால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூரார் சொல்லும் பேச்சும், அணங்குகளின் விருந்தில் உண்டவர் வீடு திரும்பார் என்னும் ஐரோப்பிய நம்பிக்கையும் ஒரே அச்சத்திலிருந்து பிறந்தவை என்றே நினைக்கிறேன். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள், 1947இல் வெளிவந்த யாழ் நூலில், எங்கள் மட்டக்களப்பு வாவியின் நீருக்குள்ளிருந்து எழும் இசையை, நீரில் வாழும் தெய்வப் பெண்களான நீரர மகளிரின் பாடலாகக் கண்டார். அந்த மகளிர் இனிமையானவர்கள். இந்நாவலின் நீரிலோ, இளையோரை முதுகில் ஏற்றிக்கொண்டு மூழ்கடிக்கும் குதிரை வாழ்கிறது.

‘டைத்’ என்பது தேவாலயங்களில் நாம் தசமபாகம் என்று சொல்லும் காணிக்கையைக் குறிக்கும் சொல். அணங்குகள் ஏழாண்டுக்கு ஒருமுறை நரகத்துக்குத் திறை செலுத்துவதாக டாம் லின் என்ற பழைய ஸ்கொட்லாந்துக் கதைப்பாடல் கூறுகிறது. பிளாக் அதை அரசியலாக மாற்றுகிறார்: அணங்குகளின் அரசவைகளில் கொடியதான இருண்ட அரசவை மனிதர் ஒருவரைப் பலியிட்டால், எந்த அரசவையையும் சாராத எளிய அணங்குகள் அடுத்த ஏழாண்டுகள் அதற்கு அடிமைப்பட வேண்டும். பலி செல்லாமற் போனால் அவர்களுக்கு விடுதலை. எனவே, மனிதப் பெண்ணாக நடித்துப் பலிபீடம்வரை போகுமாறு கேயின் சிறுவயது அணங்குத் தோழர்களே அவளைக் கேட்கிறார்கள். கண்ணகை அம்மனுக்கு நேர்த்தி வைப்பவர் தம்மைத் தாமே கட்டிக்கொள்கிறார். இங்கே ஒருவரின் உயிரால் வேறு பலர் கட்டப்படுகிறார்கள். அன்பின் பெயரால் கேட்கப்படும் உதவியும் ஒருவகைச் சுரண்டல்தானா என்ற கேள்வியை நாவல் கேய்க்கு எளிதாக்கிக் கொடுப்பதில்லை.

குறைகளும் உண்டு. முதற்பாதியின் நிதானம் பிற்பாதியில் இல்லை. அரசவைச் சதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அவிழ்கின்றன. நெருங்கிய ஒருவரின் மரணத்துக்குரிய துயரத்துக்குச் சில பக்கங்கள்கூடக் கிடைக்காததை என்னால் ஏற்க முடியவில்லை. கேய்க்கும் ரொய்பனுக்கும் இடையிலான காதலும் அவசரமாகவே கனிகிறது. அதைவிட முக்கியமாக, சிறுவயதினர் புகைப்பதும் குடிப்பதும் இயல்பாக வருவதோடு, கோர்ணி என்ற தனிமைப்பட்ட இளைஞனை ஓர் அணங்கு வசப்படுத்திக் கொடுமை செய்யும் காட்சிகள் வளர்ந்தவர்களையே உலுக்கும். அவை கவர்ச்சிக்காக எழுதப்பட்டவை அல்ல. தன்னை வெறுக்கும் ஒருவன் தன்னை வதைப்பவரிடமே ஏன் திரும்பிச் செல்கிறான் என்பதை அவை நேர்மையாகப் பார்க்கின்றன. ஆனாலும், பிள்ளைக்குக் கொடுக்கும் பெற்றோர் முன்னரே அறிந்திருக்க வேண்டும். பிளாக் பங்கேற்ற ‘ஸ்பைடர்விக்’ சிறுவர் தொடரை விரும்பிய பிள்ளைக்கு அதே ஆசிரியர் என்று நம்பி இதை வாங்குவதே நேரக்கூடிய பெரிய தவறு.

இத்தொடரில் இன்னும் இரண்டு நாவல்கள் உள்ளன. 2005இல் வந்த ‘வேலியன்ற்’ நியூ யோர்க்கின் சுரங்க ரயில் பாதைகளில் வேறு பாத்திரங்களோடு நடப்பதால் தனியே வாசிக்கலாம். இளையோர் மிகைபுனைவுக்கான முதலாவது அண்ட்ரே நோர்ட்டன் விருதைப் பெற்றதும் அதுவே. கேயின் கதையைத் தொடர விரும்புவோர் 2007இன் ‘அயர்ன்சைட்’ நாவலுக்குச் செல்ல வேண்டும். ‘டைத்’ வாசிக்காமல் அதைத் தொடங்கினால் பாதி விளங்காது.