கோழிக்கூட்டுச் சகதிக்குத் தென்னை நார்த்தூள் கட்டி: ஆறு கட்டிகளும் இரண்டு மாத மழையும்

திருவட்டாற்றை அடுத்த எங்கள் ஊரில் 18 நாட்டுக்கோழிகளை வளர்த்து வருகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு என்பதால், ஆனி, ஆடியில் நனைந்த கூட்டுத் தரை முழுவதும் உலர்வதற்குள் ஐப்பசி வந்துவிடுகிறது. கடந்த கார்த்திகையில் கூட்டுக்குள் கணுக்கால் வரை சகதி நின்றது. அதை வாரி எடுத்த பிறகு தரையில் விரிப்பதற்காக, பூந்தொட்டிகளுக்கென்று விற்கப்படும் 5 கிலோ தென்னை நார்த்தூள் கட்டியை, அதாவது கடைக்காரர்கள் கோகோபீட் என்று சொல்லும் பொருளை, வாங்கிப் பயன்படுத்தினேன். அது கோழிக்கூட்டுக்குப் பொருந்துமா என்பதையே இங்கு எழுதுகிறேன்.

வாங்குவதற்கு முன்பு சகதி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பது அவசியம். எங்கள் கூட்டின் பழைய ஓலைக்கூரை 2017 நவம்பர் 30 அன்று வந்த ஒக்கி புயலில் பறந்துபோனது. புதிதாகத் தகரம் போட்டபோது, காற்று மீண்டும் தூக்கிவிடக் கூடாது என்று இறவாரத்தை அரை அடியோடு நிறுத்தினோம். அதனால் கூரைத் தண்ணீர் முழுவதும் கம்பிவலையின் அடியிலேயே விழுந்து உள்ளே தெறித்தது. எந்தத் தூளைக் கொட்டினாலும் இந்தத் தண்ணீரை அதனால் வெல்ல முடியாது. ஆகவே முதலில் இறவாரத்தில் இரண்டடி அகலத் தகரம் ஒன்றைக் கூட்டிக் கட்டி, கூட்டைச் சுற்றி ஒரு சாண் ஆழத்தில் சால் வெட்டி, அதில் உடைந்த ஓட்டுத் துண்டுகளைப் போட்டுத் தண்ணீரைத் தென்னந்தடத்துக்குத் திருப்பினேன். இந்த வேலைக்கு ஒரு நாள் ஆனது. நார்த்தூள் கட்டிக்கு நான் கொடுக்கும் நல்ல மதிப்பெண்ணில் பாதி இந்த ஒரு நாள் வேலைக்கு உரியது என்பதை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

இரண்டாம் நாள் கோழிகளை விறகுப்புரைக்கு மாற்றிவிட்டு, மம்பட்டியால் மூன்று அங்குல ஆழத்துக்குச் சகதியை வழித்தேன். கோழி எச்சத்தில் உள்ள யூரிக் அமிலத்தை ஈரத்தில் பெருகும் நுண்ணுயிர்கள் அம்மோனியாவாக மாற்றுகின்றன. அந்த வாயு காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 25 பங்கைத் தாண்டினால் கோழிகளின் கண்ணும் மூச்சுக்குழலும் கெடும் என்பது பண்ணைகளில் கொள்ளப்படும் அளவு. நின்றுகொண்டு முகர்ந்தால் அந்த நெடி நமக்கு முழுமையாகத் தெரியாது. கோழியின் உயரத்துக்குக் குனிந்து முகர்ந்து பார்க்க வேண்டும். அன்று குனிந்தபோது என் கண்கள் எரிந்தன. இரவு முழுவதும் அந்தக் காற்றில்தான் கோழிகள் இருந்திருக்கின்றன என்று எண்ணியபோது எனக்குப் பெரிதும் வருத்தமாக இருந்தது.

வழித்த தரையில் ஒரு கிலோ சுண்ணாம்பு நீற்றைத் தூவி ஒரு நாள் திறந்துவிட்டேன். புதிய எச்சத்தின் மேல் சுண்ணாம்பைத் தூவினால் அம்மோனியா அடங்குவதற்குப் பதிலாக அந்த நேரத்தில் கூடுதலாக வெளியேறும். எச்சத்தை வாரிய பிறகு, கோழிகள் வெளியே இருக்கும்போது, வெறும் தரையில் தூவுவதே சரி.

இனி கட்டியைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு கட்டி 180 ரூபாய். உறையின் மேல் தண்ணீரில் ஊறவைத்துப் பயன்படுத்தவும் என்று அச்சிட்டிருந்தது. கடைக்காரரும், “ஊறப் போட்டாத்தான் பொங்கி வரும் அண்ணே” என்றார். செடிகளுக்கு அது சரியான முறை. நானும் முதல் கட்டியை அப்படியே ஊறவைத்தேன். 20 லிட்டருக்கு மேல் தண்ணீரைக் குடித்துவிட்டு, அது அண்டா நிறையப் பொங்கியது. கூட்டில் கொட்டிய பிறகுதான், வெளியேற்றப் பாடுபட்ட தண்ணீரையே இரண்டு வாளி அளவுக்கு மீண்டும் உள்ளே கொண்டுபோய் விட்டோம் என்பது எனக்குப் புரிந்தது. மூன்று நாள்களாகியும் அது உலரவில்லை. முட்டைகளில் பழுப்புக் கறை படிந்தது. முழுவதையும் வாரி வாழைமூட்டில் போட்டேன்.

பிறகு வாங்கிய ஆறு கட்டிகளை உலர்ந்த நிலையிலேயே உடைத்தேன். இது எளிய வேலையன்று. எந்திரத்தில் அழுத்திச் செய்த கட்டி செங்கல்லைப்போல் இறுகியிருக்கிறது. தரையில் நிறுத்தி, அடுக்குகள் பிரியும் திசையில் மம்பட்டியின் முனையால் கொத்தி, பிறகு கையால் உதிர்க்க வேண்டும். ஒரு கட்டிக்கு இருபது நிமிடம் பிடித்தது. மெல்லிய தூசி எழும்புகிறது. மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளாமல் இதைச் செய்யக் கூடாது. ஊறவைத்தால் கிடைக்கும் அளவில் ஏறக்குறையப் பாதிதான் உலர்ந்த தூளாகக் கிடைக்கும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 8 அடி நீளமும் 6 அடி அகலமும் உள்ள எங்கள் கூட்டில், ஆறு கட்டிகளின் தூளில் கொஞ்சம் எடுத்துவைத்தது போக, மீதி இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகவே பரவியது. அடுத்த சில நாள்களில் தரையின் ஈரத்தையும் எச்சத்தின் ஈரத்தையும் உறிஞ்சிய தூள் தானாக உப்பி இரண்டு அங்குலத்தைத் தாண்டியது. ஈரம் உறிஞ்ச வேண்டிய பொருளை உலர்ந்ததாகவே போட வேண்டும் என்ற இந்த ஒரு செய்தியை உறையில் எங்கும் காணவில்லை.

இரண்டு மாத மழையில் அது நன்றாகவே உழைத்தது. நான்காம் நாளிலிருந்து நெடி அடங்கியது; கோழிகளின் கால்களில் ஒட்டியிருந்த சகதி உருண்டைகள் உதிர்ந்துவிட்டன. கைப்பிடி அளவு எடுத்து இறுக்கிப் பார்ப்பேன். கையைத் திறந்ததும் மெல்ல உதிர்ந்தால் சரியான ஈரம். உருண்டையாகவே நின்றால் மண்வாரியால் கிளறிவிட்டு, எடுத்துவைத்த உலர்ந்த தூளில் கொஞ்சம் சேர்ப்பேன். மாலையில் ஒரு பிடி நெல்லை வீசினால், கோழிகளே சீய்த்துக் கிளறும் வேலையைப் பெரும்பாலும் முடித்துவிடும். இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் கிருமியின் முட்டைகள் வெப்பமும் ஈரமும் சேர்ந்த தரையில் இரண்டொரு நாள்களிலேயே முதிர்ந்து தொற்றும் நிலையை அடைகின்றன என்பதால், தரை உலர்ந்திருப்பது மருந்துக்கு முந்தைய பாதுகாப்பு.

குறைகளும் உள்ளன. தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றியுள்ள தூள் ஒரே நாளில் களியாகிவிடுகிறது. பாத்திரத்தைச் செங்கல்லின் மேல் ஏற்றி வாசலுக்கு வெளியே வைத்தேன். இரவு எச்சம் முழுவதும் கோழிகள் அடையும் கம்பின் கீழ் ஒரே வரிசையில் விழுவதால், அங்கு மட்டும் பழைய சாக்கை விரித்துக் காலையில் உதறி எடுக்க வேண்டியிருந்தது. தூளில் கலந்திருக்கும் நீண்ட நார்கள் குஞ்சுகளின் காலில் சுற்றிக்கொள்ளும். குஞ்சுகள் தூளைத் தீனி என்று எண்ணிக் கொத்தவும் செய்யும். ஆகவே தாயோடு திரியும் இளங்குஞ்சுகளுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தேங்காயும் தும்பும் (தேங்காய் நாரும்) நிறைந்த மாவட்டத்தில், ஈத்தாமொழி நெட்டைத் தென்னைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கும் இடத்தில், கட்டியாக்கிய தூளைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா என்று என் அம்மை கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கடற்கரைப் பக்கத்துத் தும்பு ஆலை ஒன்றிலிருந்து உதிரித் தூளை முன்பு ஒருமுறை குறைந்த விலைக்கு எடுத்து வந்திருக்கிறேன். மழையில் நனைந்து கிடந்த அந்தச் சாக்குகளில் பாதி எடை தண்ணீர். மேலும், உப்புத் தண்ணீரில் கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, அழுக வைக்கும் இடங்களின் தூளில் உப்புத் தங்கியிருக்கும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். கட்டியில் நான் கொடுக்கும் விலை, கழுவி உலர்த்திய உழைப்புக்கான விலை என்றே கருதுகிறேன்.

உமி இதைவிட மலிவு. காற்றோட்டமாகக் கிடக்கும், ஆனால் ஈரத்தை அதிகம் உறிஞ்சாது. வைக்கோல் மழையில் படிந்து பூசணம் பிடிக்கும். ரப்பர் மர அறுப்பாலைகளின் தூள் எங்கள் பக்கத்தில் தாராளமாகக் கிடைத்தாலும், ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி என்பதால் அதுவும் ஈரத்தில் விரைவாகப் பூசணம் பூக்கிறது. அந்தப் பூசணத் தூசி கோழிகளின் நுரையீரலைக் கெடுக்கும்.

ஆறு கட்டிகளுக்கு 1,080 ரூபாய் ஆனது. 18 கோழிகளுக்கு இது குறைந்த செலவன்று. ஆண்டு முழுவதும் இதையே போடுவது சிறு வளர்ப்பாளர்களுக்குக் கட்டுப்படியாகாது. மழை மாதங்களுக்கு நார்த்தூள், மற்ற மாதங்களுக்கு உமி என்பதே என் முடிவு. தை பிறந்ததும் கருத்துப்போன தூளை எச்சத்தோடு வாரி, தென்னையின் அடியை ஒட்டிக் குவித்து ஓலையால் மூடியிருக்கிறேன். நார்த்தூள் எளிதில் மக்காது, புதிய எச்சமும் வேரைச் சுடும் என்பதால், சில மாதங்கள் கழித்தே மட்டி வாழைகளுக்கு வைப்பேன். ஆனி மழைக்கு வேண்டிய கட்டிகளை மாசி வெயிலிலேயே வாங்கிப் பரணில் பலகைமேல் அடுக்கிவைக்கப் போகிறேன். கார்த்திகையில் வாங்கியவற்றில் இரண்டின் ஓரங்கள் கடையிலேயே ஈரம் ஏறி இளகியிருந்தன.