நாற்பது ஓனர் அடுக்ககமா, ஒரே ஓனர் கட்டடமா? தஞ்சாவூரில் இரண்டிலும் இருந்து பார்த்தது

தஞ்சாவூரில் ஏழு வருடத்தில் இரண்டு கட்டடங்களில் குடியிருந்தாயிற்று. முதலாவது மருத்துவக் கல்லூரி சாலைப் பக்கம், லிப்ட் வைத்த நாற்பது வீட்டு அடுக்ககம். வீட்டுக்கு ஒரு ஓனர். இப்போது இருப்பது சீனிவாசபுரத்தில், தரைத்தளமும் மேலே இரண்டு மாடியும், மொத்தமே ஒன்பது வீடு. ஒன்பதுக்கும் ஓனர் ஒருவர்தான். வாடகை நிதானமாக ஏற வேண்டும் என்று தேடுகிறவர்களுக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

முதலாவதில் லிப்ட் உண்டு, பார்க்கிங் உண்டு, வாட்ச்மேன் உண்டு. இரண்டாவதில் மூன்றும் கிடையாது. இது போய்ப் பார்த்தாலே தெரியும், விட்டுவிடுவோம்.

கணக்குக்கு வருகிறேன். 2018 ஆவணியில் அடுக்ககத்துக்குப் போனபோது வாடகை 9,500, மெயின்டனன்ஸ் 1,000. 2022 ஆவணியில் காலி செய்தபோது வாடகை 11,500, மெயின்டனன்ஸ் 2,100. வாடகையை மட்டும் பார்த்தால் நாலு வருடத்தில் 21 சதவீதம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மாதாமாதம் கையை விட்டுப் போனது 10,500-லிருந்து 13,600. கிட்டத்தட்ட 30 சதவீதம். லிப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், ஜெனரேட்டர் டீசல், வாட்ச்மேன் சம்பளம் என்று ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு ஏறியது. அதை ஏற்றியது வீட்டு ஓனர்கள் சங்கக் கூட்டம். அந்தக் கூட்டத்தில் வாடகைக்காரனுக்கு நாற்காலி கிடையாது, பில் மட்டும் வரும். வீட்டு ஓனரிடம் கேட்டால், "அது அசோசியேஷன் முடிவு சார், என் கையில் இல்லை" என்பார். அவர் சொன்னதும் உண்மைதான்.

சின்னக் கட்டடத்தில் பொதுச் செலவு என்றால் மாடிப்படி விளக்கும் மோட்டாரும்தான். மின் கட்டணத்திலேயே இதற்கு ஒரு சலுகை உண்டு. பத்து வீட்டுக்கும் மூன்று மாடிக்கும் மிகாமல் லிப்டும் இல்லாத குடியிருப்புகளுக்குப் பொது மின் இணைப்புக் கட்டணத்தை 2023-ல் அரசு யூனிட்டுக்கு 8 ரூபாயிலிருந்து 5 ரூபாய் 50 காசாகக் குறைத்தது. மாடிப்படி ஏறி ஏறி மூச்சு வாங்கும்போது இதை நினைத்துக்கொள்வேன்.

ஆனால் நான் சீனிவாசபுரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இதுகூட இல்லை. ஒரே ஓனர் கட்டடத்தில் அந்த ஓனரின் குணத்தைப் பக்கத்து வீட்டில் விசாரித்துவிடலாம். அதுதான் காரணம். அடுக்ககத்தில் எதிர் வீட்டுக்காரரிடம், "வாடகை எப்படி ஏத்துவாங்க?" என்று கேட்டு என்ன பிரயோஜனம்? அவர் ஓனர் திருச்சியில் இருப்பார், என் ஓனர் சிங்கப்பூரில் இருப்பார். ஒருவர் வங்கிக் கடன் தவணைக்காக வாடகையை எதிர்பார்ப்பவர், இன்னொருவர் வீட்டைப் பூட்டிப் போடாமல் இருந்தால் போதும் என்பவர். எனக்கு நேர்ந்ததும் அப்படித்தான். நாலு வருடம் ஒழுங்காக ஏற்றி வந்தவர் திடீரென்று வீட்டை விற்கப் போவதாகச் சொன்னார். வாங்க வந்தவர் கேட்ட வாடகை 15,000.

அதனால் இரண்டாவது முறை தேடும்போது, புரோக்கர் கீழே சாவியோடு நிற்க, நான் இரண்டாம் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். அங்கிருந்த அம்மாவிடம் இரண்டே கேள்வி: எந்த வருஷம் வந்தீங்க, அப்போ என்ன வாடகை?

"ரெண்டாயிரத்து எட்டுல வந்தோம் தம்பி. அப்ப நாலாயிரத்து ஐநூறு. இப்ப எட்டாயிரத்து இருநூறு."

பதினாலு வருடக் கணக்கு அந்த ஒரு பதிலில் இருந்தது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் வருடத்துக்கு நாலரை சதவீதம்கூட வரவில்லை. கீழ் வீட்டிலும் விசாரித்தேன், ஏறக்குறைய அதே கதை. ஒன்பது வீட்டுக்காரர்களும் ஒரே குழாயடியில் பேசிக்கொள்கிறவர்கள். ஒருவருக்கு மட்டும் ஆயிரம் ஏற்றினால் மறுநாள் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பது ஓனருக்கும் தெரியும். நான் 8,500-க்கு வந்தேன். அதன் பிறகு 300, 400, 400 என்று மூன்று முறை ஏறி இப்போது 9,600.

ஓனர் கீழேயே குடியிருக்கும் தனி வீட்டு மாடி மூன்றாவது வழி. வாடகை அதிகம் ஏறாது, ஆனால் விருந்தாளி வந்தால்கூட "யாரு, எத்தனை நாள்?" என்று விசாரணை வரும். எங்கள் வீட்டில் வேண்டாம் என்றுவிட்டார்கள். மொத்தமாக ஒரு தொகை கொடுத்து ஒத்திக்குப் போனால் மாத வாடகையே இல்லை, உயர்வும் இல்லை. மொத்தப் பணம் திரும்பி வருமா என்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. நான் ஒத்தியில் இருந்ததில்லை. வில்லங்கச் சான்றிதழ் பார்த்து, பதிவு செய்து போங்கள் என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது. வல்லம், திருமலைசமுத்திரம் பக்கம் கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று விடுகிறார்கள். குடும்பமாகப் போய் அவர்களோடு போட்டி போட்டால் கட்டுப்படியாகாது என்று தோன்றியது. ஒரு மாதம் தேடிப் பார்த்த அனுபவம்தான் அது.

எந்தக் கட்டடமானாலும் ஒப்பந்தத்தில் உயர்வு எவ்வளவு என்று எண்ணில் எழுதி வாங்குங்கள். 1960-ம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-ம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிவாக வேண்டும், வாடகை உயர்வும் ஒப்பந்தத்தில் உள்ளபடிதான். "பார்த்துப் போட்டுக்கலாம்" என்று வாயால் சொன்னதை வைத்துக்கொண்டு எங்கும் போய் நிற்க முடியாது.

அப்புறம் ஒரு சின்னத் தந்திரம். ஆடியிலும் மார்கழியிலும் நம் ஊரில் யாரும் வீடு மாறமாட்டார்கள். ஆவணி பிறந்ததும் பதினோரு மாத ஒப்பந்தம் போட்டால் அது முடிவது ஆடிப் பிறப்பை ஒட்டி. தையில் போட்டால் மார்கழிப் பிறப்பை ஒட்டி. அந்த நேரத்தில் நாம் காலி செய்தால் ஓனருக்கு ஒரு மாத வாடகை போச்சு. பேச்சு கொஞ்சம் இறங்கி வரும். புதுப்பிக்கும்போது தேதி நழுவிவிடும் என்பதால் மறுபடியும் ஆவணியிலிருந்தே எழுதச் சொல்வேன். இது எங்கள் ஓனரிடம் பலித்தது. அடுக்ககத்து ஓனரிடம் முயற்சி செய்ததில்லை, அப்போது எனக்கு இந்த யோசனையே வரவில்லை.

குறை இல்லாமல் இல்லை. எங்கள் ஓனருக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. பிள்ளைகள் கைக்கு வந்தால் இடித்துவிட்டு லிப்ட் வைத்துக் கட்டுவார்களோ என்னவோ. மாடி ஏற முடியாமல் அம்மா பொங்கலுக்கு வந்தால் இரண்டு நாளில் கிளம்பிவிடுகிறார். போன ஆடியில் தரைத்தள வீடு ஒன்று காலியானது. ஓனரிடம் கேட்டேன், 500 கூட என்றார். ஆவணி பிறக்கட்டும் என்று சொல்லி வைத்தேன். ஆவணி முதல் முகூர்த்தத்திலேயே வேறொருவர் பால் காய்ச்சிவிட்டார்.