மேற்கோள்களை ஒழுங்கு செய்து தருவதாகச் சொல்பவர்களிடம் கட்டுரையைக் கொடுக்கும் முன்

தென்னாப்பிரிக்காவின் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பகுதி ஆய்வு மாணவர்களிடையே வாட்ஸப் வழியாகச் சுற்றிவரும் ஒரு விளம்பரத்தைப் பற்றி எழுதுகிறேன். ஆய்விதழுக்கு அனுப்பவிருக்கும் கட்டுரையின் மேற்கோள்களையும் துணைநூற்பட்டியலையும் இதழ் கேட்கும் முறைக்கு விரைவாக மாற்றித் தருவதாகவும், தொகை முழுவதையும் முன்னதாகவே வங்கிக் கணக்கில் செலுத்திவிட வேண்டும் என்றும் அதில் இருக்கும். விளம்பரம் செய்பவர்களின் பெயரை நான் குறிப்பிடவில்லை. பெயரையும் எண்ணையும் மாற்றிக்கொண்டு மறுபடி வருவது அவர்களுக்குப் பெரிய காரியமில்லை என்பதால், அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்வதே உதவும்.

என் கட்டுரை, டர்பன் இருக்கும் நேட்டால் பகுதிக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்த தமிழர்களைப் பற்றியது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பனுக்கு வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பல் தொடங்கி 1911 வரை வந்தவர்களின் முறையீடுகளும் வழக்குகளும் பெரும்பாலும் அச்சு நூல்களில் இல்லை. பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில், இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் (புரொடெக்டர் ஆஃப் இந்தியன் இமிக்ரன்ட்ஸ்) அலுவலகக் கோப்புகளில் கிடக்கின்றன. அப்படியொரு தாளைச் சுட்டுவதற்குக் காப்பகக் குறியீடு, தொகுதி எண், கடித எண், ஆண்டு எல்லாம் வேண்டும். ஒன்று விடுபட்டாலும் நமக்குப் பின் வருபவர் அதைத் தேடியெடுக்கத் திண்டாடிப் போவார். நான் வைத்திருந்தவை சிகாகோ முறையிலான அடிக்குறிப்புகள். இதழ் கேட்டதோ ஏபிஏ என்னும் அமெரிக்க உளவியல் சங்க மேற்கோள் முறையின் ஏழாம் பதிப்பு. அடிக்குறிப்புகளைப் பிரித்து ஆசிரியர் பெயரும் ஆண்டுமாக வாக்கியத்துக்குள் கொண்டுவர வேண்டும். 2019இல் வெளியான அந்தப் பதிப்பு, பதிப்பகத்தின் ஊரை எழுத வேண்டாம் என்கிறது, ஒரு கட்டுரைக்கு இருபது ஆசிரியர்கள் இருந்தாலும் அத்தனை பேரையும் பட்டியலில் கேட்கிறது, இணையத்தில் ஒரு கட்டுரைக்கு நிரந்தர அடையாளமாகத் தரப்படும் டிஓஐ எண்ணை முழு இணைய முகவரியாகத் தரச் சொல்கிறது. பொறுமை வேண்டிய வேலை, ஆனால் அறிவாளித்தனம் தேவைப்படாத வேலை என்று கருதித்தான் அந்த விளம்பரக்காரர்களிடம் பணம் கொடுத்து ஒப்படைத்தேன்.

திரும்பி வந்த கோப்பு பார்வைக்கு அப்பழுக்கற்றதாக இருந்தது. அகர வரிசை, சாய்வெழுத்து, இரண்டாம் வரியின் உள்தள்ளல் என்று எதிலும் குறை சொல்ல முடியாது. படிக்கத் தொடங்கியபோதுதான் வண்டவாளம் தெரிந்தது. பாதுகாவலர் அலுவலகம் ஒரு மனிதராக மாறியிருந்தது: குடியேறிகள் என்ற ஆங்கிலச் சொல்லையே குடும்பப் பெயராக்கி, மிச்சத்தை முதலெழுத்துகளாகச் சுருக்கி, "இமிக்ரன்ட்ஸ், பி. ஐ." என்று ஒருவர் ஐ வரிசையில் வந்து நின்றார். அவருடைய கோப்புகளுக்குத் தொகுதி எண்ணும் இல்லை, கடித எண்ணும் இல்லை; அவை இருந்த இடத்தில், இல்லாத ஒரு பதிப்பகத்தின் பெயர் இருந்தது.

கோவெண்டர், நாயுடு, பிள்ளை, மூட்லி என்று தடுக்கி விழுந்தால் ஒருவர் இருக்கும் இந்த ஊரில், முதலெழுத்து வேறான இரண்டு கோவெண்டர்களை ஒரே ஆளாக்கி, ஆண்டுக்குப் பின்னால் ஏ, பி என்று போட்டு முடித்திருந்தார்கள். ஒரே குடும்பப் பெயருள்ள இருவரைச் சுட்டும்போது வாக்கியத்துக்குள்ளேயே முதலெழுத்தையும் சேர்க்க வேண்டும் என்பது ஏபிஏ முறையிலேயே உள்ள விதி. அதை அறியாதவர்கள் தென்னாப்பிரிக்க இந்தியர்களைப் பற்றிய கட்டுரையைத் தொடவே கூடாது.

இவற்றையெல்லாம் அரைகுறை வேலை என்று ஒதுக்கிவிடலாம். அடுத்து நான் சொல்பவை அப்படிப்பட்டவை அல்ல. டிஓஐ எண்ணே இல்லாத ஒரு பழைய ஆய்வேட்டுக்கு அவர்கள் ஓர் எண்ணைத் தந்திருந்தார்கள். அதைத் திறந்தால் வேதியியல் கட்டுரை ஒன்று வருகிறது. வேறு சில எண்கள் எங்கும் போவதில்லை. ஏதோ ஒரு செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் பட்டியலைக் கொடுத்து, அது துப்பியதை அப்படியே ஒட்டியிருக்கிறார்கள் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. அதோடு, நான் படித்தே இராத, கட்டுரையின் பொருளுக்குத் தொடர்பே இல்லாத சில கட்டுரைகள் பட்டியலில் நுழைந்திருந்தன. அவை அனைத்தும் ஒரே இதழில் வந்தவை; என் வாக்கியங்களின் இறுதியில் அவற்றுக்கு அடைப்புக்குறிச் சுட்டுகளும் பொருத்தப்பட்டிருந்தன. யாருக்கோ மேற்கோள் எண்ணிக்கையைக் கூட்டித் தருவதும் இதே கடையில் விற்கும் சரக்கு என்பது என் எண்ணம். பதிப்பு நெறிகளுக்கான கோப் என்னும் பன்னாட்டுக் குழு இதை மேற்கோள் மோசடியாகவே பார்க்கிறது. கட்டுரை அப்படியே வெளிவந்திருந்தால் விளக்கம் கேட்டு வரும் கடிதம் அவர்களுக்கு வராது, எனக்குத்தான் வரும்.

மேற்கோள்களைச் சேர்த்துவைத்து ஒழுங்குசெய்யும் ஜோட்டெரோ மென்பொருளால் நான் இட்டிருந்த சுட்டுகள் அனைத்தையும் வெறும் எழுத்தாக மாற்றியிருந்தார்கள். ஜோட்டெரோ, வேர்ட் கோப்புக்குள் ஒவ்வொரு சுட்டையும் தன் நூலகத்தோடு இணைத்து வைத்திருக்கும். அந்த இணைப்பு இருக்கும்வரை முறையை மாற்றுவது பொத்தானை அழுத்தும் வேலை. இணைப்பை அறுத்துவிட்டால் அடுத்த இதழுக்கு அனுப்பும்போது மறுபடி அவர்களிடமே போக வேண்டும் என்பது கணக்காக இருக்கலாம். மூலக்கோப்பு என்னிடம் தனியே இருந்ததால் அதிலிருந்தே வேலையை மறுபடி தொடங்க முடிந்தது.

கேட்டபோது முதலில் மென்பொருள் பிழை என்றார்கள். பிறகு திருத்தத்துக்குத் தனிக் கட்டணம் என்றார்கள். தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 54ஆம் பிரிவைக் குறிப்பிட்டு எழுதியதும் பதிலே வரவில்லை. சேவை தரமாக இல்லாவிட்டால் குறையைச் சரிசெய்யவோ, குறையின் அளவுக்கேற்பத் தொகையில் ஒரு பகுதியைத் திருப்பித் தரவோ கேட்கும் உரிமையை அந்தப் பிரிவு நமக்குத் தருகிறது. வங்கி ரசீது, வாட்ஸப் உரையாடல், வேர்டின் ஒப்பீட்டு வசதியால் இரண்டு கோப்புகளையும் அருகருகே வைத்து எடுத்த அறிக்கை ஆகியவற்றைச் சேர்த்துத் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன்.

ஒருவரிடம் இந்த வேலையைக் கொடுத்தே ஆக வேண்டியவர்கள், ஒவ்வொரு மாற்றமும் தெரியும்படி டிராக் சேஞ்சஸ் வசதியை இயக்கி வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும் என்று முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நேர்மையாக வேலை செய்பவர் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார். திரும்பி வந்ததும் டிஓஐ எண்கள் ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். எண் இல்லாதவற்றின் தலைப்பை, டிஓஐ எண்களைப் பதிவுசெய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பின் தேடலில் இட்டுப் பாருங்கள், அது இலவசம். ஜோட்டெரோவும் இலவசம்தான், அதில் நிறுவனப் பெயரை முதற்பெயர், குடும்பப் பெயர் என்று பிரிக்காமல் ஒற்றைப் புலத்தில் இட்டால் என் பாதுகாவலருக்கு நேர்ந்த கதி உங்கள் அலுவலகங்களுக்கு நேராது. பல்கலைக்கழக நூலகங்களில் உள்ள துறை நூலகர்களிடம் கேட்டால் அவர்கள் காசு வாங்காமலேயே வழி சொல்வார்கள்.

இவர்களிடம் கொடுத்து, கட்டுரை ஏற்கெனவே வெளியாகிவிட்டவர்களும் இருக்கக்கூடும். பட்டியலைச் சரிபார்த்து, பொய்ச் சுட்டுகள் இருந்தால் வேறொருவர் கண்டுபிடிக்கும்வரை காத்திராமல் இதழாசிரியருக்கு நீங்களே எழுதித் திருத்தக் குறிப்பு வெளியிடக் கேளுங்கள். எந்த வரி எந்தக் கோப்பில் எப்படி மாறியது என்பதைக் காட்டும் ஒப்பீட்டு அறிக்கையையும் அதோடு இணைத்துவிடுங்கள்.