டிரையருக்கு லைன் இழுத்தவர் செய்த வேலை

வீட்டில் துணி டிரையர் வைத்திருந்தால் முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். அரை மணி நேரம் ஓடியதும் நிறுத்தி, சுவிட்சை அணைத்துவிட்டு, பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் மேலே படியுங்கள்.

ஐப்பசி மழையில் நாலு நாளாகத் துணி காயாமல் வீடே முடை நாற்றம். மேடவாக்கத்து ஃபிளாட்டில் வெயில் வரும் பால்கனியும் இல்லை. 7 கிலோ டிரையர் ஒன்று வாங்கினோம், 2,400 வாட்ஸ். நம் 230 வோல்ட்டில் 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதுவும் மிக்ஸி மாதிரி இரண்டு நிமிஷம் இல்லை, ஒரு மணி நேரத்துக்கு மேல். தனி லைன் வேண்டும் என்று கடையிலேயே சொல்லிவிட்டார்கள்.

தெரிந்தவர் மூலமாக ஒரு எலக்ட்ரீஷியன் வந்தார். 4 ஸ்கொயர் (4 சதுர மில்லிமீட்டர் தடிமன்) காப்பர் ஒயர், 16 ஆம்பியர் சாக்கெட், கூலி எல்லாம் சேர்த்து 7,800 ரூபாய். இரண்டு முனையிலும் தடியான ஒயரைக் காட்டினார். நானும் திருப்தியாகக் கொடுத்தேன்.

மூன்றாவது வாரம் மீன் கருகுகிற வாடை. பக்கத்து வீட்டுச் சமையல் என்றே இரண்டு நாள் நினைத்தோம். பிறகுதான் சாக்கெட்டின் ஒரு ஓட்டை பழுப்பேறி இருந்ததைப் பார்த்தேன். கரன்ட் அளவு மீறினால் தானாக அணைய வேண்டிய எம்சிபி சுவிட்ச் மட்டும் விழவே இல்லை.

வேறொரு பெரியவர் வந்து லாஃப்டில் இருந்த ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தார். டிபி, அதாவது வீட்டு எம்சிபிகள் இருக்கும் பெட்டி, அந்தப் பக்கம் ஒரு முழம், சாக்கெட் பக்கம் கொஞ்சம், அவ்வளவுதான் 4 ஸ்கொயர். நடுவில் ஓடியதெல்லாம் லைட்டுக்குப் போடுகிற 1 ஸ்கொயர். முறுக்கிவிட்ட ஜாயிண்ட்டின் மேல் டேப் அல்வா மாதிரி உருகிக் கிடந்தது. எம்சிபியோ 32 ஆம்பியர். அது விழுவதற்குள் அந்த ஒயர் வெந்துவிடும். ஆனால் லூஸ் ஜாயிண்ட்டின் சூட்டைச் சரியான எம்சிபியும் கண்டுபிடிக்காதாம்.

இதைவிட மோசம் எர்த். எர்த் ஒயரே இழுக்கவில்லை. சாக்கெட்டுக்குள் நியூட்ரலிலிருந்து, அதாவது கரன்ட் திரும்பிப் போகும் ஒயரிலிருந்து, எர்த் முனைக்கு ஒரு குட்டி லூப். டெஸ்ட் லேம்ப் வைத்தால் ஜம்மென்று எரியும், எர்த் இருப்பது போலவே காட்டும். நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால், கரன்ட் அந்த லூப் வழியாக டிரையரின் தகர உடம்புக்கே வந்துவிடும். ஈரக் கையோடு அதைத் தொடுவது என் மனைவி.

முதலில் லைன் இழுத்தவருக்குப் போன் செய்து கேட்டேன். "துணியக் கம்மியா போட்டு ஓட்டுங்க சார்" என்றார்.

இப்போது டிபியிலிருந்து சாக்கெட் வரை ஜாயிண்ட்டே இல்லாத 4 ஸ்கொயர், பச்சை எர்த் ஒயர், 16 ஆம்பியர் எம்சிபி, கரன்ட் கசிந்தால் லைனை உடனே அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. ஒயரின் மேல் அச்சடித்திருந்த அளவைப் படித்துவிட்டு, பைப்புக்குள் இழுத்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

முதலில் வந்த அந்த ஆள்தான் போன வருஷம் எங்கள் கீசருக்கும் லைன் இழுத்தார். ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்து பார்க்கப்போகிறோம். அதுவரை அடுப்பில்தான் வெந்நீர்.