பழைய பிக்கப்புக்கு "கம்மியா ஓடின இன்ஜின்" என்று யாராவது காட்டினால் கொஞ்சம் நில்லுங்கள்

புகை வருகிறது, ஆயில் குறைகிறது என்று பழைய பிக்கப்பை ஒர்க்‌ஷாப்பில் விடுகிறீர்கள். "இன்ஜின் போச்சு அண்ணே, இதுக்கு வேலை பார்க்கிறது தண்டம், வேற இன்ஜின் இறக்கிடலாம்" என்று உடனே சொல்கிறார்கள். எதை அளந்து பார்த்து அப்படிச் சொல்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். என் வண்டியில் எதையும் அளக்கவில்லை. இன்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து, மேலே உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்கள். பரிசோதனை அத்தோடு முடிந்தது.

என்னுடையது நாலு சிலிண்டர் பெட்ரோல் வண்டி. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரில் நீலப் புகை குபுக்கென்று வரும், சற்று நேரத்தில் நின்றுவிடும். இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு மறுபடி மிதித்தால் இன்னொரு முறை வரும். ஆயில் அடிக்கடி ஊற்ற வேண்டியிருந்தது. மற்றபடி இழுவையில் குறை இல்லை, பாரத்தோடு மேடும் ஏறியது. இன்ஜின் அதுவரை ஒருமுறைகூடப் பிரிக்கப்படாதது, போர், அதாவது சிலிண்டரில் பிஸ்டன் ஏறி இறங்கும் துளை, கம்பெனி அளவிலேயே இருந்தது.

குளிர்ந்த ஸ்டார்ட்டில் வந்து மறையும் நீலப் புகைக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது வால்வு சீல், அதாவது வால்வு தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் சின்ன அடைப்பு. வண்டி நிற்கும்போது ஹெட்டில் (சிலிண்டர்களுக்கு மேல் வால்வுகள் இருக்கும் பாகம்) தேங்கும் ஆயில் வால்வு தண்டு வழியாகக் கசிந்து இறங்கி, ஸ்டார்ட் செய்ததும் எரிகிறது. பல இன்ஜின்களில் ஹெட்டைக் கழற்றாமலே இந்தச் சீலை மாற்றலாம். பிளக் துளை வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து வால்வை மேலே நிறுத்திவைத்துக்கொண்டு செய்கிற வேலை அது. பிஸ்டனைச் சுற்றி இருக்கும் ரிங் தேய்ந்திருந்தால் கதை வேறு: மிதிக்க மிதிக்கப் புகை தொடரும், இழுவை குறையும், ஆயில் மூடியைத் திறந்தால் புகை அழுத்தத்தோடு வெளியே தள்ளும். நன்றாக ஓடிய எந்தப் பழைய இன்ஜினிலும் மூடிக்கு மேல் கொஞ்சம் ஆவி வரத்தான் செய்யும். உள்ளங்கையால் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், எவ்வளவு என்று பாருங்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் தேவையில்ல, சத்தத்துலயே தெரியுது" என்று பதில் வந்தது. தெரியாது. சூடான இன்ஜினில் எல்லா பிளக்கையும் கழற்றி, இக்னிஷனையும் பெட்ரோலையும் நிறுத்தி, திராட்டிலை முழுதாகத் திறந்துவைத்துச் சுற்றிப் பார்க்க வேண்டும். நல்ல பெட்ரோல் இன்ஜின்களில் பெரும்பாலும் 9 முதல் 13 பார் வரை காட்டும், சரியான அளவு அந்தந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். நாலும் ஒன்றுக்கொன்று நெருங்கி இருக்கிறதா என்பது அதைவிட முக்கியம். ஒன்று மட்டும் குறைந்தால் அந்தச் சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்ப்பார்கள். ஏறினால் ரிங் அல்லது போர் தேய்மானம். ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர்கள் சேர்ந்து குறைந்தால், ஹெட்டுக்கும் சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். இன்னும் துல்லியம் வேண்டுமானால் பிஸ்டனை உச்சியில் நிறுத்திக் காற்றை ஏற்றி, எங்கே உஸ்ஸென்று வெளியேறுகிறது என்று கேட்கலாம். ஆயில் மூடியில் கேட்டால் ரிங், சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட் அல்லது விரிசல். ரீபில்டா (இருக்கிற இன்ஜினையே பிரித்துப் புதுப்பிப்பதா), மாற்று இன்ஜினா என்ற பேச்சே இதற்கு அப்புறம்தான் வர வேண்டும்.

இவர்கள் அதை ஏன் செய்யவில்லை என்று இப்போது புரிகிறது. பின்னால் ஸ்டாண்டில் ஒரு இன்ஜின் விற்பனைக்குத் தயாராக நின்றுகொண்டிருந்தது. வெள்ளி பெயிண்ட் பளபளவென்று அடித்திருந்தார்கள். கேஸ்கெட் ஓரம், போல்ட் தலை, ஏன், ஆயில் பிரஷர் சென்சாரின் மேல்கூடப் பெயிண்ட். நான் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தார்கள், அதனால் ஸ்டார்ட் செய்ததும் சுத்தமாக ஓடியது. புகை இல்லை, சத்தம் இல்லை. என் பழைய இன்ஜினை எக்ஸ்சேஞ்சாக எடுத்துக்கொண்டு விலையைக் குறைத்தார்கள். வாரண்டி உண்டு என்று வாயால் சொன்னார்கள். பில்லில் "இன்ஜின் வேலை" என்று மட்டும் எழுதினார்கள். எந்த இன்ஜின், என்ன எண் என்பது எதுவும் இல்லை.

சில வாரங்களில் ஆயில் லைட் கண் சிமிட்ட ஆரம்பித்தது. வண்டி நன்றாகச் சூடாகி ஐடிலில் நிற்கும்போது மட்டும் எரியும், ரேஸ் செய்தால் அணையும். பிறகு அடியில் இருந்து டக் டக்கென்று தட்டும் சத்தம். போன் செய்தால், "செகண்ட் ஹாண்ட் பொருளுக்கு யாரு கேரண்டி தருவாங்க? நீங்கதான் ஹீட் பண்ணி ஓட்டியிருப்பீங்க" என்றார்கள். அன்றைக்குச் சொன்ன வாரண்டியைப் பற்றிக் கேட்டதும் லைன் கட்.

வேறொரு லேத் மேஸ்திரியிடம் கொண்டுபோனேன். ஆயிலை வடித்ததும் அவர் சிரித்துவிட்டார். கயிறு போல இறங்கியது. பிஸ்டன்கள் சுற்றவைக்கும் கிராங்க் தண்டைத் தாங்கும் பேரிங் தேய்ந்த சத்தத்தையும், புகையையும் கொஞ்ச நாளைக்கு மறைப்பதற்காகக் கெட்டியான ஆயிலோடு ஏதோ கலவையையும் ஊற்றியிருக்கிறார்கள். அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பை இறக்கி பேரிங்கைக் கழற்றினால், சாம்பல் நிற மேற்பூச்சு போய்ச் செம்பு தெரிந்தது. ஹெட்டைத் தூக்கினோம். பிஸ்டன் தலையில் படிந்திருந்த கரியை அவர் துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடித்துக் காட்டினார். 1.00 என்று பொறித்திருந்தது.

இதற்கு என்ன பொருள் என்றால், அந்த இன்ஜின் ஏற்கெனவே போர் போடப்பட்டது, அதாவது தேய்ந்த துளையைக் கடைந்து பெரிதாக்கிப் பெரிய பிஸ்டன் போட்டது. பிஸ்டன்கள் பொதுவாகக் கம்பெனி அளவுக்கு மேல் 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் என்று அளவு ஏறும். பல இன்ஜின்களுக்கு 1.00-க்கு மேல் பிஸ்டனே கிடைக்காது. அதற்கு மேல் தேய்ந்தால் துளைக்குள் ஸ்லீவ் என்ற புதுக் குழாய் அடிப்பதுதான் வழி. போரின் உச்சியில் விரல் வைத்தாலே தட்டும் அளவுக்கு ஒரு விளிம்பு இருந்தது, ஹோனிங் (போரின் சுவரைக் கல்லால் தேய்த்துச் சீராக்குவது) செய்த குறுக்குக் கோடுகள் முற்றிலும் அழிந்திருந்தன. ஒருமுறைகூடப் பிரிக்காத, எல்லா அளவும் பாக்கி இருந்த என் பிளாக்கை வாங்கிக்கொண்டு, கடைசி அளவையும் தின்று முடித்த பிளாக்கை "கம்மியா ஓடினது" என்று என் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஆத்திரம் வராமல் என்ன செய்யும்?

அதைவிட மோசமானது பிளாக்கின் பக்கவாட்டில் இருந்தது. இன்ஜின் எண் பொறிக்கும் தட்டையான இடத்தில் பெயிண்டைச் சுரண்டினோம். எண் இல்லை, கிரைண்டர் ஓட்டிய கீறல்கள்தான் இருந்தன. பல நாடுகளில் வண்டியின் பதிவு ஆவணத்தில் இன்ஜின் எண்ணும் இருக்கும். அது ஒத்துப்போகாவிட்டால் இன்சூரன்ஸ், தகுதிச் சோதனை, விற்பனை எல்லாமே சிக்கல். எண்ணையே தேய்த்த இன்ஜின் என்றால் அது திருட்டு வண்டியில் இருந்து வந்ததா என்ற கேள்வியும் கூடவே வரும், பதில் சொல்ல வேண்டியது வண்டிக்காரர்.

மாற்று இன்ஜினே கூடாது என்று நான் சொல்லவில்லை. பிளாக் உடைந்திருந்தாலோ, கிராங்க்கைக் கடைசி அளவுக்கும் கீழே கடைய வேண்டியிருந்தாலோ மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். ஆனால் அதே மாடல், அதே வகை இன்ஜினாக இருக்க வேண்டும். வேறு வகை என்றால் மவுண்டிங், கியர்பாக்ஸ் சேரும் இடம், வயரிங், கம்ப்யூட்டர் பெட்டி என்று ஒவ்வொன்றாக இழுக்கும். நாலு சக்கரமும் இழுக்கும் பிக்கப்பில் ஆயில் சம்ப்பின் வடிவமே வேறாக இருப்பதுண்டு. எழுத்தில் வாரண்டியோடு வரும் ரீபில்ட் செய்த இன்ஜின் கிடைத்தால் அது இன்னும் நல்லது. எதுவானாலும், இறக்குவதற்கு முன் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள், கம்ப்ரெஷன் அளவைத் தாளில் வாங்குங்கள், எண்ணை நீங்களே போட்டோ எடுங்கள். பழைய இன்ஜினைப் புதிது ஓடி நிரூபிக்கும்வரை கொடுக்காதீர்கள், அதற்காகக் குறைக்கும் தொகை எவ்வளவு ஆசை காட்டினாலும் சரி.

ரீபில்ட் பக்கமும் ஏமாற்று இல்லாமல் இல்லை. அந்த லேத் மேஸ்திரி சொன்னது: புது பிஸ்டனுக்குப் பில் போட்டுவிட்டு, தேய்ந்த போரில் புது ரிங்கை மட்டும் போட்டு மூடிவிடுவார்களாம். ஓவல் ஆன போரில் புது ரிங் உட்காராது, சீக்கிரமே புகை திரும்பி வரும். அதனால் ஹெட் மூடும் முன் பிஸ்டன் தலையில் உள்ள எண்ணைப் பாருங்கள். போர் போட்டதாகச் சொல்லிவிட்டு அங்கே எஸ்டிடி (STD, கம்பெனி அளவு) என்ற எழுத்துகள் இருந்தால், போர் போடவே இல்லை. பேரிங் ஷெல்லின் பின்பக்கத்திலும் அளவு இருக்கும், கிராங்க் கடைந்த அளவோடு அது பொருந்த வேண்டும். கழற்றிய பழைய பாகங்களை மூட்டை கட்டிக் கேளுங்கள். இன்ஜின் வெளியே இருக்கும்போதே கிராங்க்கின் பின் சீலையும் கிளட்ச்சையும் பார்த்துவிடுங்கள், அப்புறம் அதற்காக மறுபடி கியர்பாக்ஸை இறக்குவது வீண் கூலி.

இப்போது போட்டோக்கள், மேஸ்திரி எழுதிக் கொடுத்த அளவுகள், பில் எல்லாவற்றையும் சேர்த்து நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன். எண் விஷயத்தைத் தனியாகப் போலீசில் எழுதிக் கொடுத்தாயிற்று. அது முடியும்வரை அந்தப் பிளாக்கில் ஒரு ரூபாய்கூடப் போடக் கூடாது என்று மேஸ்திரியே சொல்லிவிட்டார், நியாயம்தான். அண்மையில் மாற்று இன்ஜின் இறக்கியவர்கள், இன்ஜின் எண்ணையும் பதிவு ஆவணத்தையும் இன்றைக்கே ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த இடத்தில் பெயிண்ட் தடிப்பாக இருந்தால் சுரண்டியே பாருங்கள்.