கடலோர மொட்டை மாடியில் ஓர் ஆன்டெனா: சில பருவமழைகளுக்குப் பிறகு

ஹாம் ரேடியோவில், அதாவது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காகப் பேசும் வானொலியில், புதிதாக ஆன்டெனா நிறுத்தும் நண்பர்கள் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் 1.2 காட்டியதும் வேலை முடிந்தது என்று மாடியிலிருந்து இறங்கிவிடுகிறார்கள். ஆன்டெனாவுக்கு அனுப்பும் சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைச் சொல்லும் எண் அது. 1-ஐ நெருங்க நெருங்க நல்லது என்பது பாடம். கடலூரில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் என் வீட்டு மாடியில் ஓர் ஆன்டெனா பல வடகிழக்குப் பருவமழைகளைப் பார்த்துவிட்டது. அந்த அனுபவத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: அந்த எண்ணை மட்டும் நம்பாதீர்கள். யாரும் கை வைக்காமலே அது குறைந்துகொண்டு வந்தால், உடனே ஏணியை எடுங்கள்.

என்னுடையது 2 மீட்டர் பட்டைக்கான (ஏறக்குறைய 2 மீட்டர் அலைநீளம் உள்ள அதிர்வெண்களுக்கான) எளிய கால் அலைநீள கிரவுண்ட் பிளேன் ஆன்டெனா. இந்தியாவில் இந்தப் பட்டை 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை. ஒலிபரப்ப உரிமம் கட்டாயம். செங்குத்தாக ஒரு பித்தளைக் கம்பி, கீழே நான்கு கம்பிகள், அடியில் ஜிஐ பைப். கீழ்க்கம்பிகளைக் கிடைமட்டமாக விட்டால் மின்மறுப்பு 36 ஓம் அளவில் நிற்கும். 45 பாகை கீழ்நோக்கி வளைத்தால், கேபிளுக்கும் ரேடியோவுக்கும் பொருந்தும் 50 ஓமை நெருங்கிவிடும். காகங்கள் உட்கார்ந்து உட்கார்ந்து இந்த வளைவு மாறிவிடுகிறது. அதனால் கீழ்க்கம்பிகளுக்குச் சற்றுக் கனமான கம்பி எடுப்பது நல்லது.

இடம் பார்க்கும்போது நான் முதலில் பார்த்தது ஈபி கம்பியைத்தான். நம் ஊர்த் தெருக்களில் 11 ஆயிரம் வோல்ட் கம்பி கைப்பிடிச் சுவருக்கு எட்டும் தொலைவில்கூட ஓடுகிறது. பைப்பும் ஆன்டெனாவும் சேர்ந்து எந்தப் பக்கம் முழு நீளத்துக்குச் சாய்ந்தாலும் கம்பியைத் தொடக்கூடாது. அதற்கு மேலும் பாதி உயரம் இடைவெளி இருக்க வேண்டும். அப்படி இடம் கிடைக்காத வீட்டில் பைப்பே நிறுத்தக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ரப்பர் கையுறை, மரஏணி எதுவும் அந்த மின்னழுத்தத்தில் காப்பாற்றாது. பைப் தூக்கும் நாளில் காற்று இல்லாமல், தரை காய்ந்து இருக்க வேண்டும். பைப்பைப் பிடிக்க ஒருவர், பைப் சாயாமல் இழுத்துக் கட்டும் ஸ்டே கம்பியை இழுக்க ஒருவர், ஈபி கம்பிப் பக்கம் மட்டும் கண் வைத்திருக்க ஒருவர் என்று மூன்று பேர் இல்லாமல் நான் இதைத் தொடுவதில்லை.

அளவுக் கணக்கு சுலபம். 145 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் ஏறக்குறைய 2.07 மீட்டர், அதில் கால் பங்கு 52 சென்டிமீட்டர் அளவு. கம்பியின் தடிமனால் உண்மையில் தேவைப்படுவது 49 சென்டிமீட்டருக்கு அருகில். எனவே 52-இல் தொடங்கிக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். இங்கே பொறுமை வேண்டும்: ஒரு மில்லிமீட்டர் குறைத்தால் ஒத்திசைவு (ஆன்டெனா இயல்பாக அதிரும் அதிர்வெண்) ஏறக்குறைய 0.3 மெகாஹெர்ட்ஸ் மேலே போகிறது. பட்டை முழுவதுமே 2 மெகாஹெர்ட்ஸ்தான் என்பதால், கடைசிக் கட்டத்தில் வெட்டும் கருவியை வைத்துவிட்டு அரத்தை எடுங்கள். ஆன்டெனாவையும் கேபிளையும் அளக்கும் நானோவிஎன்ஏ போன்ற சிறு கருவி இருந்தால் வேலை எளிது. ஆனால் கேபிளின் முனையில், ஆன்டெனா பொருந்தும் இடத்திலேயே திறப்பு (எதுவும் இணைக்காமல்), குறுக்கிணைப்பு (ஷார்ட்), 50 ஓம் மூன்றையும் வைத்து அதைச் சரிபார்த்துக்கொண்ட பிறகே அளக்க வேண்டும். கையில் பிடித்தபடியோ, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தோ அளந்தால் வரும் எண்ணுக்கு மதிப்பில்லை. மாடித் தளத்திலிருந்து குறைந்தது இரண்டு மீட்டர் உயர்த்திவிட்டு, ஆள் விலகி நின்று அளக்க வேண்டும்.

இனி கேபிள். பலரும் சிக்கனம் பார்ப்பது இங்கேதான். ஆர்ஜி-58 என்னும் மெல்லிய கேபிள் 145 மெகாஹெர்ட்ஸில் நூறு மீட்டருக்கு 18 முதல் 20 டெசிபல் வரை விழுங்குகிறது. முப்பது மீட்டர் போட்டால் போட்ட சக்தியில் கால் பங்குதான் மேலே போய்ச் சேரும். எதிரொலித்துத் திரும்பும் சக்தியும் அதே கேபிளில் தேய்ந்துதான் வரும். அதனால் மேலே ஆன்டெனாவையே கழற்றிவிட்டாலும் கீழே இருக்கும் மீட்டர் 1.7, 1.8 என்றுதான் காட்டும். ஆன்டெனாவே இல்லாதபோதும் ‘பரவாயில்லை’ என்று சொல்லும் அளவீட்டை எப்படி நம்புவது?

இது என் வீட்டிலேயே நடந்தது. நான் போட்டிருப்பது ஆர்ஜி-213 என்னும் தடித்த கேபிள், ஏறக்குறைய இருபது மீட்டர். அதன் ஒரு முனையில் கனெக்டர் கடையிலேயே பொருத்தி வந்தது. ஒரு மழைக்காலம் முடிந்த பிறகு கீழே எஸ்.டபிள்யூ.ஆர். 1.3-லிருந்து 1.1-க்கு வந்திருந்தது. ஆனால் சிதம்பரத்தில் இருக்கும் நண்பர் என் குரல் முன்பைவிடத் தேய்ந்து கேட்கிறது என்றார். மேலே ஏறி அந்தக் கனெக்டரை அறுத்துப் பார்த்தபோது ஈயம் சரியாகப் பற்றவில்லை. அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கி, செம்புப் பின்னல் ஒரு முழ நீளத்துக்குக் கறுத்துப் போயிருந்தது. உப்புக்காற்றும் மழையும் சேர்ந்தால் கேபிளின் இழப்பு கூடுகிறது. இழப்பு கூடக் கூட மீட்டர் அழகான எண்ணைக் காட்டுகிறது.

அதிலிருந்து ஆண்டுதோறும் புரட்டாசியில், மழை பிடிக்கும் முன், ஒரு சோதனை செய்கிறேன். மேல்முனையில் ஆன்டெனாவைக் கழற்றி அங்கே ஒரு குறுக்கிணைப்பு போடுகிறேன். கீழே நானோவிஎன்ஏவில் திரும்பும் இழப்பை, அதாவது அனுப்பிய சக்தி திரும்பி வரும்போது எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதைப் படிக்கிறேன். சக்தி கேபிளில் போயும் வந்தும் தேய்வதால் அதில் பாதிதான் கேபிளின் இழப்பு. என் கேபிளுக்கு அந்த வாசிப்பு 3.4 டெசிபலை ஒட்டி இருக்க வேண்டும். 5-ஐ நெருங்கினால் கேபிள் போய்விட்டது என்று பொருள். கேபிள் புதிதாக இருக்கும்போதே இந்த எண்ணை எடுத்துப் பைப்பின் அடியில் பெயின்ட்டால் எழுதிவைத்துவிடுங்கள். பிறகு ஒப்பிட வேறு எதுவும் கிடைக்காது.

நீர் புகாமல் இருக்கச் செய்வது: கேபிள் முனையில் போடும் பிஎல்-259 கனெக்டர் தன்னளவில் நீர் தாங்காது. முதலில் ஒரு சுற்று பிவிசி டேப், அதன் மேல் இழுத்துச் சுற்றினால் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், வெயிலுக்காக மறுபடி பிவிசி டேப். கடைசிச் சுற்று கீழிருந்து மேலாகப் போக வேண்டும். ஓடு வேய்வதுபோல் ஒன்றன் மேல் ஒன்று ஏறினால்தான் மழை வழிந்து ஓடும். கேபிள் சுவருக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும். அலுமினியமும் பித்தளையும் நேரடியாகத் தொடும் இடங்களை உப்புக்காற்று அரித்துவிடுகிறது. நடுவில் துருப்பிடிக்காத எஃகு வாஷரும் கிரீசும் இருந்தால் தாங்குகிறது.

மின்னல் விஷயத்தில் இருவேறு எர்த் வைப்பதை நான் ஏற்கவில்லை. பைப்புக்குத் தனிக் குழி தோண்டலாம். ஆனால் அதை வீட்டு மின் இணைப்பின் எர்த்தோடு தடித்த செம்புக் கம்பியால் கட்டாயம் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் பக்கத்தில் மின்னல் விழும்போது இரண்டு எர்த்துக்கும் இடையே எழும் மின்னழுத்தம் ரேடியோ வழியாகத்தான் பாயும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஒரு மின்னல் தடுப்பான் வைத்து, அதையும் அதே எர்த்தில் இணைத்திருக்கிறேன். நேரடியாக விழும் மின்னலை இவை தாங்கா. அதனால் இடி கேட்பதற்கு முன்பே, வானிலை எச்சரிக்கை வந்ததும் கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுவது என் வழக்கம். இடி தொடங்கிய பிறகு அந்தக் கேபிளைத் தொடவே கூடாது.

பயன்? இரு முனையிலும் தரையிலிருந்து 12 மீட்டர் உயரம் இருந்தால் ரேடியோ தொடுவானக் கணக்கு (பூமியின் வளைவு மறைக்காமல் அலை போகும் தூரம்) 28 கிலோமீட்டர் அளவில் வருகிறது. புதுச்சேரி அதற்குள் அடங்கிவிடுவதால் எப்போதும் தெளிவு. சிதம்பரம் அதைத் தாண்டி இருந்தாலும் அலைகள் சற்று வளைந்து போவதால் இரைச்சலோடு கேட்கிறது. கோடை இரவுகளில் கடலோரக் காற்றில் வெப்ப அடுக்கு அமைந்தால் சென்னைகூட எட்டுகிறது. விலையுயர்ந்த ஃபைபர் கண்ணாடி ஆன்டெனா வாங்கினால் இன்னும் சில டெசிபல் கிடைக்கும். ஆனால் அந்தப் பணத்தை முதலில் கேபிளிலும் கனெக்டரிலும் போடுவதே மேல் என்பேன்.

2020 நவம்பரில் நிவர் புயல் வந்தபோதும், 2024-இல் ஃபெஞ்சல் புயல் வந்தபோதும் பைப்பை முன்கூட்டியே படுக்க வைத்துவிட்டேன். அடிக்கட்டையில் கீல் வைத்திருப்பதால் இரண்டு பேர் கால் மணி நேரத்தில் இறக்கிவிடலாம். புதிதாக நிறுத்துபவர்கள் ஸ்டே கம்பிக்குச் செலவழிக்கும் முன் இந்தக் கீலுக்குச் செலவழியுங்கள். புயல் கடந்த மறுநாள் ஊரில் மின்சாரமும் கைபேசியும் இல்லாதபோது, படுத்திருந்த ஆன்டெனாவை எழுப்பி ஒரு கார் பேட்டரியில் பேச முடிந்தது.